பாசுங்கரையும் டைம்ஷேரும்

"வருஷத்துக்கு 7 நாள், 25 வருஷத்துக்கு உங்களுடையது" என்று டைம்ஷேர் விற்பவர்கள் சொல்லும்போது ஏதோ புது யோசனை மாதிரி இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் 1963-ல் தொடங்கியது. இங்கே 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் கிளப் மஹிந்திரா. இரண்டும் சென்னைக் கம்பெனிகளாகத் தொடங்கியவை. ஆனால் இடம் நிலையாக இல்லாமல் பங்கு மட்டும் நிலையாக இருப்பது, மானாம்பதி இருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பழைய சங்கதி.

சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி எழுதியது 1818-ல் அச்சானது. அந்த மிராசு முறைகளில் ஒன்றுதான் பாசுங்கரை. ஊர் நிலம் இத்தனை பங்கு என்று கணக்கு இருக்கும். எந்த வயல் யாருக்கு என்பதை அவ்வப்போது கரையீடு செய்து மாற்றிக்கொள்வார்கள். நல்ல வயலும் மோசமான வயலும் எல்லோருக்கும் சுற்றிவரும்.

வித்தியாசம் எங்கே? மிராசுப் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம். வரி, செலவு பற்றிப் பங்காளிகளே கூடிப் பேசலாம். ஹாப்பிமாக்கிலும் உறுப்பினர்கள் பங்குதாரர்கள்தான். நம்மூர் டைம்ஷேரில் பெரும்பாலும் கிடைப்பது தங்கும் உரிமை மட்டுமே. போகாத வருஷமும் பராமரிப்புக் கட்டணம் கட்டணும்.

ஒரு கணக்குக்கு, விலை 4 லட்சம், வருஷக் கட்டணம் 15,000 என்று வைப்போம். 25 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 31,000. ஒரு ராத்திரிக்குச் சுமார் 4,400 ரூபாய். முதலில் போட்ட பணத்துக்கான வட்டி இதில் சேரவில்லை, கட்டண உயர்வும் சேரவில்லை.

கையெழுத்துக்கு முன் இரண்டே கேள்வி: கட்டணத்தை ஏற்றும்போது என்னைக் கேட்பீர்களா? வேண்டாமென்றால் என் பங்கை விற்க முடியுமா? ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால், தேவைப்படும்போது ரூம் போட்டுக்கொள்வதே மேல்.