பொது நூலகங்களில் சிறுவரின் இணையப் பயன்பாடும் பெற்றோர் பொறுப்பும்: அமெரிக்க அனுபவம்

பொது நூலகத்துக்குத் தனியே வரும் பிள்ளை அங்குள்ள கணினியில் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? அமெரிக்க நூலகங்களில் இணையம் பரவலான 1990-களின் பிற்பகுதியில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. நூலகத் துறையிடம் பழைய பதில் ஒன்று இருந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற நூலக உரிமைச் சாசனத்தில், வயதைக் காட்டி எவருக்கும் நூலகப் பயன்பாட்டை மறுக்கக் கூடாது என்பது 1967-இல் சேர்ந்தது. தம் பிள்ளையைக் கட்டுப்படுத்தப் பெற்றோருக்கு உரிமை உண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கட்டுப்படுத்த இல்லை, நூலகர் பெற்றோரின் இடத்தில் இருப்பவர் அல்லர் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. புத்தகத்துக்குச் சொன்னதையே அது இணையத்துக்கும் சொன்னது. ஆனால் புத்தகங்களை நூலகர் பார்த்து வாங்கி அடுக்குகிறார். இணையத்தை எந்த நூலகரும் வாங்கி அடுக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகரில் 1997-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஃபிளாப்பி டிஸ்க்குடன் நகர நூலகத்துக்குப் போய், ஆபாசப் படங்களை அதில் இறக்கி, உறவினர் வீட்டில் அச்செடுத்தான். ஒரு நாள் நடந்ததல்ல. ஏறக்குறைய பத்து முறை. தாய் நகர நிர்வாகத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைப் பெற்றோரே கவனித்துக்கொள்ள வேண்டும் என்று நூலக விதி முன்பே சொல்லியிருந்தது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் தாயின் கோரிக்கையை ஏற்கவில்லை. பிறர் வெளியிட்டதற்கு இணைய வசதி தருபவர் பொறுப்பாக மாட்டார் என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டம் நகரத்தைக் காத்தது.

வர்ஜீனியாவின் லவுடன் வட்டாரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே நூலக வாரியம் பெரியவர்களின் கணினி உட்பட எல்லாவற்றிலும் வடிகட்டி மென்பொருளைப் போட்டது. நூலகவியல் பட்டமும் பெற்றவரான நீதிபதி லியோனி பிரிங்கெமா, 1998-இல் அந்த ஏற்பாடு பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்.

கூட்டாட்சி அரசு பணத்தின் வழியே உள்ளே வந்தது. 2000 டிசம்பரில் சட்டமான சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மத்திய அரசின் இணையச் சலுகையைப் பெறும் நூலகம் வடிகட்டி வைத்தாக வேண்டும். சிறுவர் என்பது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டோர். வேண்டாமென்றால் பணத்தை விட்டுவிடலாம். இச்சட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, 2003 ஜூனில் 6-க்கு 3 என்ற கணக்கில் சட்டம் நிலைத்தது. பெரியவர் கேட்டால் நூலகர் வடிகட்டியை அணைத்துவிடலாம் என்பது தீர்ப்பில் முக்கியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பலர் பார்க்க எழுந்து போய் அப்படிக் கேட்பதிலுள்ள கூச்சத்துக்குத் தீர்ப்பு பெரிய எடை தரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் தடுக்கச் சொன்னது படங்களை மட்டுமே, எழுத்தை அல்ல. அன்றைய மென்பொருளுக்கோ படத்தை அடையாளம் காணத் தெரியாது. சொற்களையும், நிறுவனங்கள் வெளியே காட்டாத முகவரிப் பட்டியல்களையும் வைத்தே அது வேலை செய்தது. அதனால் மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடியவருக்கும் கதவு சாத்தப்பட்டது. தடுக்க வேண்டிய படங்கள் சில நழுவி உள்ளே வந்தன. வடிகட்டி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த பெற்றோருக்கு இந்த இரண்டாவது குறை அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதிகம் கவனிக்கப்படாத வேறுபாடு ஒன்றும் இச்சட்டத்தில் இருக்கிறது. மாணவர் இணையத்தில் செய்வதைக் கண்காணிக்கப் பள்ளிகளைக் கட்டாயப்படுத்திய சட்டம், நூலகங்களிடம் அதைக் கேட்கவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்பது அமெரிக்கச் சட்டத்தின் பழைய கொள்கை. நூலகருக்கு அந்த இடம் தரப்படவில்லை.

நடைமுறை ஊருக்கு ஊர் மாறுகிறது. சில நூலகங்கள் பிள்ளையின் உறுப்பினர் அட்டைக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்கும்போதே இணைய அனுமதியையும் கேட்கின்றன. சிறு பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. சிறுவர் பிரிவுக் கணினிகளை நூலகரின் மேசைக்கு நேர் எதிரே, திரை தெரியும்படி வைப்பதும் வழக்கம்.