முளைவிட்ட பயறும் கடலோடிகளின் நோயும்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பார்வை

எர்ணாகுளம் மாவட்டத்து மட்டாஞ்சேரியில், நடந்தே கடக்கக்கூடிய சிறு பரப்புக்குள் பல மொழிகளின் அடுக்களைகள் அமைந்துள்ளன. அவற்றுள் மூன்று, ஒரே பயற்றை மூன்று விதமாகக் கையாள்கின்றன. செறளாயிப் பகுதியின் கொங்கணி இல்லங்களில் முளைவிட்ட பாசிப்பயறு தேங்காய் அரைத்த குழம்பாகிறது. குஜராத்தி வீதியில் அதுவே ஃபணகாவேலா மக் என்ற பெயரில் கடுகும் பெருங்காயமும் தாளித்து உண்ணப்படுகிறது. மலையாள வீடுகளில் முளைப்பித்த செறுபயர் தோரனாகிறது. ஓரிரவு நீரில் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒரு நாள் காத்திருக்கும் செய்முறை மூன்றுக்கும் பொதுவானது.

இச்செய்முறையைப் பற்றி இன்று இருவகைக் கூற்றுகள் உலவுகின்றன. முளைகட்டிய தானியம் அண்மைக்கால உடல்நல மோகம் என்பது ஒன்று. அதன் மருத்துவப் பயன் முழுவதையும் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சோதிக்கக் கொச்சித் துறைமுகம் பொருத்தமான இடம். முளைகட்டிய பயறு தடுக்கக்கூடிய ஒரு நோய், இக்கரைக்கு வந்து சென்ற கப்பல்களில் பல நூற்றாண்டுகள் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது.

அந்நோய் ஸ்கர்வி. உயிர்ச்சத்து சி பல வாரங்கள் கிடைக்காதபோது ஈறு வீங்கிக் குருதி கசியும். ஆறிய புண்கள் மீண்டும் திறக்கும். இறுதியில் உயிர் பிரியும். 1498 அக்டோபரில் அஞ்சதீவிலிருந்து ஆப்பிரிக்கக் கரை நோக்கிப் புறப்பட்ட வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் அரபிக்கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அக்கடப்பில் மட்டும் சுமார் 30 பேர் இந்நோயால் மாண்டனர். எஞ்சியோர் மூன்று கப்பல்களைச் செலுத்தப் போதாமையால் சான் ரஃபேல் என்னும் கப்பல் எரிக்கப்பட்டது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் இச்சிக்கலுக்கு நிலத்தில் விடை தேடியிருந்தது. 1652இல் நன்னம்பிக்கை முனையில் அது நிறுவிய குடியிருப்பின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, கடந்து செல்லும் கப்பல்களுக்குப் பசுங்காய்கறி வழங்குவது.

நெடும்பயணக் கப்பல்களில் உலர்ந்த பயறு வகைகள் வழக்கமான உணவு. குடிநீரும் இருந்தது. ஆனால் உலர்ந்த விதையில் ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் அநேகமாக இல்லை. விதை நீரை உறிஞ்சி முளைக்கத் தொடங்கியபின்தான் அது உயிர்ச்சத்து சியைப் புதிதாக உருவாக்குகிறது. நோயும் மருந்தின் மூலப்பொருளும் ஒரே கப்பலில் பயணம் செய்தன. இரண்டையும் இணைக்கும் அறிவு மட்டும் இல்லை.

ஐரோப்பியர் முளைத்த தானியத்தின் அருகே ஒருமுறை வந்து, தவறவிட்டனர். அயர்லாந்து மருத்துவர் டேவிட் மக்பிரைட், 1764இல் வெளியிட்ட நூலில், முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்திப் பெறும் மால்ட்டின் வடிநீர் ஸ்கர்விக்கு மருந்தாகும் என்று வாதிட்டார். கேப்டன் குக்கின் கப்பல் 1768இல் மால்ட்டுடன் புறப்பட்டது. அவர் அதைப் புகழ்ந்தும் எழுதினார். எனினும் மால்ட் தயாரிப்பில் முளை சூட்டில் உலர்த்தப்படுகிறது. அச்சூட்டிலும் பின்வரும் சேமிப்பிலும் உயிர்ச்சத்து சி அழிந்துவிடுகிறது. குக்கின் மாலுமிகளைக் காத்தது அவர் கரைதோறும் திரட்டிய பசுங்கீரைகளே. ஜேம்ஸ் லிண்ட் 1747இலேயே ஆரஞ்சு, எலுமிச்சையின் பயனைச் சோதனையில் காட்டியிருந்தும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக ஏற்றது 1795இல்தான்.

முளையின் ஆற்றல் ஆய்வகத்தில் உறுதியானது 20ஆம் நூற்றாண்டில். நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் 1907இல் கினிப்பன்றிகளில் ஸ்கர்வியை உண்டாக்கிக் காட்டினர். அவ்வழியைத் தொடர்ந்த வாலண்டின் ஃபூர்ஸ்ட், உலர்ந்த விதைகள் நோயைத் தடுப்பதில்லை, முளைத்த விதைகள் தடுக்கின்றன என்று 1912இல் நிறுவினார்.

இம்முடிவை அவசரத் தேவையாக்கியது முதல் உலகப்போர். மெசபடோமியாவின் கூட் நகரம் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை முற்றுகைக்கு உள்ளானது. வெள்ளை மாவுண்ட பிரிட்டிஷ் வீரர்களைப் பெரிபெரி தாக்கியது. கோதுமை ஆட்டா உண்ட இந்திய வீரர்கள் பெரிபெரிக்குத் தப்பினர். குதிரை இறைச்சியை நெடுநாள் மறுத்த அவர்களிடையே ஸ்கர்வி பரவியது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம் ஆகியோர் நடத்திய ஆய்வு 1917இல் வெளிவந்தது. பசுங்காய் கிடைக்காத இடத்தில் பயற்றை ஊறவைத்து, ஈரமும் காற்றும் படும்படி வைத்து, முளைத்ததும் சிறிது நேரமே வேகவைத்து வழங்கலாம் என்பது அதன் பரிந்துரை. தனியே நிலமோ, மண்ணோ, வெயிலோ தேவையில்லை.

இப்பரிந்துரையில் ஒரு நிபந்தனை பொதிந்திருந்தது. பயறு முழுதாக இருக்க வேண்டும். தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்காது. உடைக்கும்போதே முளைக்கரு சிதைந்துவிடுகிறது. சோற்றுடனும் ரொட்டியுடனும் இந்தியர் பெரிதும் உண்பது உடைத்த பருப்பு. முழுப்பயறா, உடைத்த பருப்பா என்பது வழங்கல் பட்டியலில் ஒரு சொல் வேறுபாடுதான். பசுங்காய் எட்டாத முகாமிலோ அது நோய்க்கும் நலத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு. படைகளுக்குரிய உணவு வரலாற்றை எழுதுவோர் பருப்பு எத்தனை அவுன்ஸ் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எவ்வடிவில் என்றும் கேட்க வேண்டும்.

1918இல் செர்பிய வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் வில்ட்ஷயர், முளைத்த அவரை விதைகள் எலுமிச்சைச் சாற்றுக்குக் குறையாத பயன் தந்ததாகப் பதிவு செய்தார். இந்தியாவில் இதற்குத் தெளிவான சான்று ஹிஸ்ஸார் மாவட்டம். 1930களின் இறுதியில் அங்கு நேர்ந்த பஞ்சத்தின்போது ஸ்கர்வி பரவியது; நிவாரணப் பணியில் முளைவிட்ட கொண்டைக்கடலை வழங்கி அது கட்டுப்படுத்தப்பட்டது.

எனவே, முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்னும் கூற்றைச் சற்றுப் பிரித்தறிய வேண்டும். தானியத்தை முளைக்கவிடும் நுட்பம் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் திருமணக் காட்சியில் முளைப்பாலிகை இடம்பெறுகிறது. தமிழகக் கோயில் விழாக்களில் முளைப்பாரி வளர்க்கப்படுகிறது. ஆனால் அது உண்ணப்படுவதில்லை, நீரில் கரைக்கப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் லின் ஹோங்கின் உணவு நூலில் முளைப்பயறு உண்டு. கொச்சிக்கு வந்த செங் ஹேயின் சீனக் கப்பல்களில் முளை வளர்த்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவதும் இத்தகைய செய்திகளிலிருந்து பிறந்த ஊகமே. சமையல் நூலில் இருப்பது கப்பலிலும் இருந்தது என்பதற்குச் சான்றாகாது. சடங்குக்கும் சுவைக்கும் செய்த ஒன்று ஒரு குறிப்பிட்ட நோயைத் தடுக்கும் என்று அறிவது வேறு வகை அறிவு. அதற்குச் சோதனையும் ஒப்பீடும் தேவைப்பட்டன.

மோகம் என்று ஒதுக்குவோரும் கணக்கைக் காண வேண்டும். 100 கிராம் பச்சை முளைப்பயற்றில் சுமார் 13 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உள்ளது. ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும். நெல்லிக்காயோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. கொய்யாவும் நெல்லியும் எளிதில் கிடைக்கும் கொச்சியில் முளைப்பயறு அருமருந்து அன்று. நல்ல உணவு, அவ்வளவே. வேறு பசுமை கிடைக்காத இடத்தில்தான் அது உயிர்காக்கும் பொருளாகிறது.

கொச்சியின் வெப்பமும் ஈரமும் பயற்றை விரைவில் முளைக்கச் செய்கின்றன. அவையே நுண்ணுயிரையும் பெருக்குகின்றன. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புபடுத்தப்பட்ட ஈ.கோலி தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாளுக்கு இருமுறை தூய நீரில் அலசுவதும், நீர் தேங்காமல் வடிப்பதும், முளைத்தவுடன் ஆவியிலேனும் வேகவைப்பதும் தேவை. வேகும்போது உயிர்ச்சத்தில் ஒரு பகுதி குறையும். அந்த இழப்பு தாங்கத்தக்கது.

மட்டாஞ்சேரியின் மூன்று அடுக்களைகளும் முளைத்த பயற்றைத் தாளித்தோ வேகவைத்தோதான் உண்கின்றன. அவ்வழக்கத்தை அறிவியல் என்று அழைக்க வேண்டியதில்லை. அறிவியல் பின்னர் ஆராய்வதற்குரிய பொருளை அன்றாடம் கைவிடாமல் காத்த பழக்கம் என்று மதித்தால் போதும்.