ஐக்கிய அமெரிக்க லீஜியன்: படைப்பதவியும் அதிகாரமும்

ஐக்கிய அமெரிக்க லீஜியன் (1792–1796) என்பது, ஓஹையோ நதிக்கு வடமேற்கே பரந்துகிடந்த எல்லைப்புறப் பிரதேசத்தில் ஆதிக்குடி மக்களின் கூட்டமைப்போடு போரிடுவதற்காக அமெரிக்கக் குடியரசு அமைத்த சேனையாகும். அரசு வழங்கிய பதவி, படைவீரர் மனமார ஏற்கும் அதிகாரமாக எவ்வாறு உருப்பெற்றது என்பதே இச்சேனையின் சரித்திரத்தில் முக்கியமாக அறியத்தக்கது.

பூர்வ வரலாறு. சுதந்திரப் போரின்போது, 1780-இல் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறப்பித்த ஆணைப்படி, மேஜர் ஜெனரலின் தோளணி ஒவ்வொன்றிலும் இரண்டு நட்சத்திரங்களும், பிரிகேடியர் ஜெனரலுடையதில் ஒரு நட்சத்திரமும் விளங்கின. காப்டன் வலத்தோளில் மட்டும் தோளணி தரித்தார். அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகள் இடத்தோளில் தரித்தனர். போர் முடிந்ததும், நிரந்தரச் சேனை குடிமக்களின் சுதந்திரத்துக்கே அபாயம் விளைக்குமென்று அஞ்சிய காங்கிரஸ் சபை, 1784 ஜூனில் 80 சிப்பாய்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, காப்டனுக்கு மேற்பட்ட பதவியினர் எவரும் சேவையில் இருத்தலாகாதென விதித்தது. எல்லைப்புறத்தைக் காக்க வேண்டியிருந்தமையால், உடனேயே நான்கு மாகாணங்களின் குடிப்படைகளிலிருந்து 700 பேரைத் திரட்டவும் நேர்ந்தது. அப்படைக்கு லெப்டினன்ட் கர்னல் ஜோசையா ஹார்மர் தலைவரானார்.

இரு தோல்விகள். ஹார்மர் 1790-இல் மயாமி ஆதிக்குடி மக்களின் ஊர்களை நோக்கிப் புறப்பட்டபோது, அவரது படையில் பெரும்பகுதியினர் குடிப்படையினராகவே இருந்தனர். கென்டக்கி வீரர்களுக்கு ஹார்டின் தலைவரா, டிராட்டர் தலைவரா என்ற பிணக்கு முகாமிலேயே மூண்டதால், டிராட்டரைக் கென்டக்கிப் படைக்கும், ஹார்டினைக் குடிப்படை முழுமைக்கும் தலைவராக்கிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அப்படையெடுப்பு பலத்த சேதத்தில் முடிந்தது. மறுவருடம் மேஜர் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் வாபாஷ் நதியின் தலைப்பகுதியில் பாசறை அமைத்திருந்தபோது, பகைவர் நடமாட்டத்தைக் கண்டுவந்த காப்டன் ஸ்லவ் அச்செய்தியை இரவிலேயே இரண்டாம் நிலைத் தளபதியாகிய பட்லரிடம் தெரிவித்திருந்தும், அது பிரதம தளபதியை எட்டவில்லை. 1791 நவம்பர் 4-ஆம் தேதி விடியற்காலையில், லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் முதலிய தலைவர்களின்கீழ் ஆதிக்குடி வீரர்கள் தாக்கியதில், பட்லர் உட்பட 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வேய்னின் சீர்திருத்தம். இப்பேரழிவின் விளைவாக, 1792-இல், அப்போது குடியரசுத் தலைவராயிருந்த வாஷிங்டன் மேஜர் ஜெனரல் அந்தோணி வேய்னைச் சேனாதிபதியாக நியமித்தார். சேனை 1,280 பேர் வீதம் நான்கு உபசேனைகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் காலாட்படை, ரைபிள் படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகிய நான்கும் ஒரே தலைமையில் இயங்கின. எனினும், 5,120 என்ற முழுத்தொகை ஒருகாலும் நிறைவுறவில்லை. முதல் உபசேனையினரின் தொப்பி விளிம்பு வெண்மை, இரண்டாவதினுடையது சிவப்பு, மூன்றாவதினுடையது மஞ்சள், நான்காவதினுடையது பச்சை என வரையறுக்கப்பட்டமையால், சிப்பாய் தன் பிரிவையும் தன் தலைவரையும் எந்தக் குழப்பத்திலும் அடையாளங்கண்டான். காப்டன் தன் வீரர் ஒவ்வொருவரையும் பெயரும் குணமும் அறிந்திருக்க வேண்டுமென்பது சுதந்திரப் போரில் படையைப் பயிற்றுவித்த ஸ்டாய்பன் வகுத்த பயிற்சி நூலின் விதி. லீஜியன்வில் பாசறையிலும், பின்னர் சின்சினாட்டிக்கு அருகிலும் இடைவிடாது நடைபெற்ற பயிற்சியே அவ்விதிக்கு உயிரூட்டிற்று. தப்பியோடியோருக்கு மரணதண்டனை வரை விதித்த வேய்னின் கடுமை கொடியதே. ஆயினும், தாமும் வீரர்களோடு பாசறையிலேயே தங்கி அவர்களைப் பழக்கியதனாலேயே அவரது ஆணை நிலைபெற்றது.

அதிகாரப் போட்டி அடியோடு ஒழிந்துவிடவில்லை. அடுத்த நிலையிலிருந்த பிரிகேடியர் ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன், ஸ்பெயினிடம் இரகசியமாகப் பணம் பெற்றுக்கொண்டே, வேய்னுக்கு எதிராகப் புகார்களைப் பரப்பிவந்தார். இருப்பினும் 1794 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஃபாலன் டிம்பர்ஸ் என்னுமிடத்தில், கென்டக்கிக் குதிரைப்படையும் உடன்வர, லீஜியன் வெற்றி கண்டது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட கிரீன்வில் உடன்படிக்கையால், ஆதிக்குடி மக்கள் இன்றைய ஓஹையோ மாகாணத்தின் பெரும்பகுதியை இழந்தனர். ஒரு சேனையின் ஒழுங்கைப் புகழும்போது, அவ்வொழுங்கு யாருடைய நிலத்தைப் பறிக்கப் பயன்பட்டதென்பதையும் சரித்திரம் மறத்தலாகாது.

பிற்காலம். 1796-இல் லீஜியன் கலைக்கப்பட்டு, அதன் உபசேனைகள் நான்கு காலாட்படை ரெஜிமெண்டுகளாயின. அவ்வாண்டு டிசம்பரில் வேய்னும் காலமானார். லீஜியனில் பணியாற்றிய மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் 1804-இல் பசிபிக் கடற்கரையை நோக்கிப் பயணம் தொடங்கியபோது, கிளார்க்குக்கு வாக்களிக்கப்பட்டிருந்த காப்டன் பதவி கிடைக்காமல், இரண்டாம் லெப்டினன்ட் பதவியே வழங்கப்பட்டது. லூயிஸ் அதனை வீரர்களிடம் வெளியிடாது, கிளார்க்கைத் தமக்குச் சமமான காப்டனாகவே நடத்தினார். பயணம் முடியும்வரை இருவர் ஆணைக்கும் வீரர்கள் ஒருங்கே கீழ்ப்படிந்தனர்.