அதிகாரப் பங்கீடும் தோட்டப் பள்ளியும்

தோட்டத் தமிழ்ப் பள்ளிக்குப் பொறுப்பானவர் யார்? கூட்டரசா, மாநில அரசா, தோட்ட முதலாளியா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் நம் நாட்டு அரசியலமைப்பின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பெயரளவில் அது கூட்டு. அதிகாரமோ கோலாலம்பூரில் குவிந்தது. 1946-இல் வந்த மலாயன் யூனியன் சுல்தான்களின் இறைமையையே பறிக்க முற்படவே, மலாய் மக்கள் வெகுண்டெழுந்தனர். அதன் பயனாக 1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு பிறந்தது. மாநில உரிமை இந்நாட்டில் எங்ஙனம் வேர்கொண்டது என்பதை இது காட்டும்.

1956-இல் அமைந்த ரீட் ஆணைக்குழுவில் இந்திய நீதிபதி மாலிக்கும் ஓர் உறுப்பினர். அக்குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு எழுந்த அரசியலமைப்பு, 1957 ஆகஸ்டு 31-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுக்கிறது. கல்வியும் தொழிலாளர் நலனும் கூட்டரசிடம். நிலமும் காடும் மாநிலத்திடம். சமூக நலன் போன்றவை இருவருக்கும் பொது. பட்டியலில் இடம்பெறாத எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. இந்தியாவிலோ அது மத்திய அரசைச் சேரும். ஆயினும் நம் கூட்டரசுப் பட்டியல் மிக நீண்டதாகலின், எஞ்சுவது சிறிதே. கல்வியோ, இந்தியாவில் முதலில் மாநிலப் பொருளாக இருந்து, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாறியது.

இனி நம் பள்ளிக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மேல் சுமத்தியது. அதனாலேயே பள்ளிகள் பல தோட்ட நிலத்தில் எழுந்தன. இன்று ஆசிரியர் ஊதியமும் பாடத்திட்டமும் கூட்டரசின் பொறுப்பு. ஆனால் நிலம் வழங்குவது மாநிலத்தின் உரிமை. 1965-இல் தேசிய நிலச் சட்டம் விதிகளை ஒருமைப்படுத்திய பின்னரும், எந்த நிலத்தை யாருக்கு அளிப்பது என்னும் முடிவு மாநிலத்தைவிட்டு அகலவில்லை. எனவே தோட்டம் கைமாறும்போதும், பள்ளியை வேறிடம் மாற்ற நேரும்போதும், கூட்டரசு பணம் ஒதுக்கினாலும் நிலமின்றிக் கட்டடம் எழாது.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழியும் அரசியலமைப்பிலேயே உண்டு. கூட்டரசுத் தேவைக்கு நிலம் வேண்டுமெனில், மாநில அரசைக் கலந்து, உரிய தொகை செலுத்தி, அதனைக் கேட்டுப் பெற 83-ஆம் பிரிவு இடந்தருகிறது. கல்வி கூட்டரசுப் பொருளே என்பதை ஈண்டு நினைவிற்கொள்க.

ஆகவே, பள்ளி வாரியத்தாரும் பெற்றோரும் ஒரே வாயிலைத் தட்டி ஓய்ந்துவிடுதல் ஆகாது. கட்டடத்துக்கான கோரிக்கை புத்ராஜெயாவுக்குச் செல்லும் நாளிலேயே, நிலத்துக்கான விண்ணப்பம் மாநில நில அலுவலகத்துக்கும் செல்லுதல் வேண்டும். எவ்வதிகாரம் எவரிடம் உள்ளது என்பதை அறிந்து கேட்கும் சமுதாயத்தை அலைக்கழிப்பது எளிதன்று. இவ்வறிவை ஊட்டுவது ஆசிரியராகிய நம் கடன்.