வழக்கு முடியும் வரை யார் சோறு போடுவது?

கோர்ட் என்றாலே வாய்தாதான் நினைவுக்கு வரும். குடும்ப வழக்கும் அப்படித்தான், தீர்ப்பு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் பசி வாய்தா கேட்காதே! அதுவரை மனைவியும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவது? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் தந்த பதில்தான் இடைக்கால ஜீவனாம்சம். அது முழுதாக வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1898-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு, மனைவி மக்களைக் காப்பாற்றாத கணவனை மாதாமாதம் பணம் கட்டச் சொல்லும் அதிகாரத்தை மாஜிஸ்திரேட்டுக்குத் தந்தது. ஆனால் வழக்கு நடக்கும்போதே பணம் தரச் சொல்லலாமா என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. 1973-ல் வந்த புதிய சட்டத்தின் 125-வது பிரிவிலும் அதே மௌனம்தான். போதாக்குறைக்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு வேறு!

இடையில் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதன் 24-வது பிரிவின்படி, வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். மனைவி மட்டுமல்ல, வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம். ஆனால் விவாகரத்து போல அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு நடந்தால்தான் இது கிடைக்கும்.

1985-ம் ஆண்டு என்றால் எல்லோருக்கும் ஷா பானு வழக்குதான் தெரியும். அதே ஆண்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு தீர்ப்பும் வந்தது. சாவித்ரி எதிர் கோவிந்த் சிங் ராவத் வழக்கில், சட்டம் வெளிப்படையாகத் தடுக்காததால் 125-வது பிரிவின் கீழும் மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு போடலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2001-ல் நாடாளுமன்றம் இதைச் சட்டத்திலேயே எழுதியது. 500 ரூபாய் வரம்பு போனது. நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள், கூடியவரை, இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்ற விதி வந்தது.

சரி, வியாபாரத் தகராறு போல இதை ஒரு தனி நடுவரிடம் விட்டு முடித்துக்கொள்ளக் கூடாதா? விவாகரத்து, பிள்ளைகள் யார் பொறுப்பு என்பது போன்றவை நடுவர் தீர்ப்புக்கு உட்படாதவை என்று 2011-ல் பூஸ் ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டுவிட்டது. ஆக, கோர்ட் வாசல்தான்.

60 நாள் விதி நடைமுறையில் எப்படி இருந்தது? ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இடைக்கால மனு போட்டது 2013-ல். உச்ச நீதிமன்றத்தில் அது முடிந்தது 2020-ல்! அந்தத் தீர்ப்பில்தான், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. அதனால் வழக்கை இழுத்தடித்து லாபம் பார்க்கும் வழி பெருமளவு அடைபட்டது.

2024 ஜூலை முதல் பழைய 125-வது பிரிவின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு இருக்கிறது. எண் மாறினாலும் உரிமை அதேதான். ஜீவனாம்ச வழக்கோடு இடைக்கால மனுவையும் சேர்த்தே போடலாம். இது தெரியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.