மக்கள் நலப் பணியாளர் பணிநீக்கங்கள்

மக்கள் நலப் பணியாளர்கள் என்போர் 1989 முதல் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் அமர்த்தப்பட்ட, படித்து வேலையில்லாதிருந்த இளைஞர்கள் ஆவர். 1991, 2001, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் இவர்கள் மொத்தமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலையில் தவறு செய்தவர் விலக்கப்படுவது எங்கும் நடப்பதுதான். இங்கு ஒருவர்மீதும் தனிப்பட்ட குற்றச்சாட்டு கிடையாது, விசாரணையும் கிடையாது. ஆட்சி மாறியது, வேலை போயிற்று.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடத்தால் வெளியூரிலும் அறியப்பட்ட ஊர். மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருந்தாலும், சுற்றிலும் உள்ளவை ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பிய வேளாண் சிற்றூர்கள். இத்தகைய ஊர்களில் பத்தாம் வகுப்பு தேறிய இளைஞருக்கு உள்ளூரிலேயே மாதச் சம்பளம் என்பது அரிதான ஒன்று. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் அதை அரசு வேலை என்றே ஊர் எண்ணியது. சட்டம் அப்படி எண்ணவில்லை. பின்னர் வந்த துன்பங்கள் அனைத்துக்கும் இந்த வேறுபாடே வேர்.

1989 செப்டம்பரில் மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு இத்திட்டத்தைத் தொடங்கியபோது இவ்வட்டாரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். ஊராட்சிக்கு இருவர் என்ற கணக்கில் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்தனர். வேலை கொடுத்த ஆட்சியே 1991 ஜனவரி 30 அன்று அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின்படி கலைக்கப்பட்டது. தேர்தலில் வென்று வந்த ஜெயலலிதா அரசு அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. 1997 பிப்ரவரியில் தி.மு.க. அரசு மீண்டும் பணியமர்த்தியது; 2001 ஜூனில் அ.தி.மு.க. அரசு நீக்கியது. 2006 ஜூனில் மறுபடி வேலை, 2011 நவம்பர் 8 அன்று மறுபடி நீக்கம். கடைசி நீக்கத்தில் வேலையிழந்தோர் ஏறத்தாழ 13,500 பேர். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன என்பதைக் கொண்டு இங்கு எத்தனை வீடுகளில் அந்த உத்தரவு இடியாக இறங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

நீக்கத்துக்கு அரசு சொன்ன காரணம், இப்பணியிடங்கள் தேவையற்றவை, செலவுச் சுமை என்பது. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களே அமர்த்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. அது சில இடங்களில் உண்மையாகவே இருந்திருந்தாலும், ஒவ்வொருவராக ஆராயாமல் எல்லோரையும் ஒரே கையெழுத்தில் நீக்கியதற்கு அது நியாயம் ஆகாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1989 செப்டம்பர் முதல் 2011 நவம்பர் வரை 22 ஆண்டுகளுக்குச் சற்று மேல். மூன்று முறையும் தொடர்ந்து இருந்த ஒருவர் அதில் வேலை பார்த்தது சுமார் பதினொன்றரை ஆண்டுகள் மட்டுமே. மீதிக் காலத்தில் வேலையும் இல்லை, விட்டுவிட்டு வேறு பிழைப்பில் முழுமையாக இறங்கவும் மனம் இல்லை. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை இருமுறை பலித்ததும் உண்டு. அந்த நம்பிக்கையே பலரைக் கட்டிப்போட்டது எனலாம். வயது மட்டும் காத்திருக்கவில்லை.

இதனுடன் 2003ஆம் ஆண்டின் நிகழ்வை ஒப்பிடுவது பொருத்தம். ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு அவசரச் சட்டத்தின் துணையுடன் நீக்கியது. 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர், வருத்தம் தெரிவித்து உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சில வாரங்களில் பணிக்குத் திரும்பினர். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் எஞ்சிய நடவடிக்கைகளையும் அரசே கைவிட்டது. அரசை எதிர்த்து நின்றவர்கள் ஒரு மாதத்தில் திரும்பினர். எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாத ஊராட்சிப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே நின்றனர். முன்னவர் நிரந்தர ஊழியர்; அவர்களை விசாரணையின்றி நீக்குவதை அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு தடுக்கிறது. பின்னவர் ஒரு திட்டத்தின் கீழ் வந்தவர்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. போதாக்குறைக்கு, முறையான தேர்வின்றி வந்த தற்காலிகப் பணியாளர் நிரந்தரம் கோர முடியாது என்று 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

2011க்குப் பிறகு சங்கங்கள் வழியே நீதிமன்றம் செல்வதே அவர்களுக்கு வழியாயிற்று. காலியிடங்களில் இவர்களுக்கு வேலை தர வேண்டும் என 2014 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வழக்கு நடந்த காலத்தில் வயிற்றுப்பாடு நடக்க வேண்டுமே! மேல்சித்தாமூர் போன்ற வேளாண் ஊர்களில் அதற்கு இருந்த வழிகள் சிலவே: சொந்த நிலம், கூலி வேலை, சிறு கடை, அல்லது நூறு நாள் வேலை.

நூறு நாள் வேலை எனப்படும் ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தொடங்கிய ஆறு மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. 2022 ஜூனில் மு.க. ஸ்டாலின் அரசு வெளியிட்ட ஆணை, பழைய பணியாளர்களை அத்திட்டத்தின் பணி ஒருங்கிணைப்பாளர்களாக மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் சேர்த்துக்கொள்ள வழிசெய்தது. இதுவும் நிரந்தர வேலை அன்று. சங்கங்களில் ஒரு பகுதி இதனை ஏற்காமல் வழக்கைத் தொடர்ந்தது. 2023 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணையை ஏற்று வழக்கை முடித்தது. 1989இல் இருபது வயதில் சேர்ந்திருந்த ஒருவருக்கு அப்போது வயது 54.