எகிப்திய வண்டும் நயினாதீவு நாகமும்: காப்புப் பொருளில் பெயரின் இடம்

யாழ்ப்பாணத்து நயினாதீவின் நாக வழிபாட்டையும் எகிப்தின் வண்டுக் காப்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எளிது. பாம்பு தோலுரிக்கிறது, வண்டோ சாண உருண்டைக்குள்ளிருந்து புதிதாகப் புறப்படுகிறது. மறுபிறப்பு என்ற ஒப்புமை பிழையன்று. எனினும் அதனால் விளங்குவது குறைவு. காப்புப் பொருளில் பெயர் எங்கே நிற்கிறது என்ற கேள்விதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

சாணியுருட்டும் வண்டில், கதிரவனை வானில் உருட்டிவரும் கெப்ரி என்ற விடியற்கடவுளை எகிப்தியர் கண்டனர். மாக்கல்லில் செதுக்கி மெருகேற்றிய அவ்வுருவின் மேற்புறம் வண்டு. தட்டையான அடிப்புறத்தில் பெரும்பாலும் பெயரோ பதவியோ மங்கலக்குறியோ இருக்கும். அணிந்தால் காப்பு, களிமண்ணில் அழுத்தினால் முத்திரை. இறந்தவர் மார்பில் வைத்த இதய வண்டிலோ, தீர்ப்பின்போது தன் இதயமே தனக்கெதிராகச் சாட்சி சொல்லக்கூடாதென்ற மன்றாட்டு அவர் பெயரோடு பொறிக்கப்பட்டது. மூன்றாம் அமென்ஹோதெப் தன் திருமணத்தையும் சிங்க வேட்டையையும் பெரிய வண்டுருவங்களில் எழுதி அனுப்பினான். அரசரின் தற்பெருமை வண்டையும் விட்டுவைக்கவில்லை!

யாழ்ப்பாணத்தில் காப்பு, முத்திரை என்ற இவ்விரு பணிகளும் இரு பொருள்களில் பிரிந்து நிற்கின்றன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டைப் புதைகுழி ஒன்றில் கண்டெடுத்த முத்திரையில் மூன்று குறியீடுகளும், 'கோவேத' என்று படிக்கப்படும் பிராமி எழுத்துகளும் உள்ளன. அங்கே பெயர் உண்டு. காக்கும் உயிரி இல்லை. நயினாதீவிலோ நாகம் உண்டு, பெயர் இல்லை. தலவரலாற்றின்படி அந்த நாகமே அடியவர்: புளியந்தீவிலிருந்து நயினாதீவு அம்மனுக்குப் பூக்கொண்டு கடல் கடந்து வந்தது, கருடன் மறித்தது. ஆகவே நேர்த்திக்காக நாக உருவைக் கொடுப்பவர், அதைத் தம் அடையாளமாகச் சுமப்பதில்லை. அம்மனிடம் விட்டுவிட்டுப் போகிறார். குழந்தைக்கு அணிவிக்கும் பஞ்சாயுதத்திலும் திருமாலின் படைக்கலங்களே உள்ளன. பிள்ளையின் பெயர் இல்லை.

தாயத்துத் தகட்டில் பெயர் எழுதுவதில்லையா என்று கேட்கலாம். எழுதுவதுண்டு. ஆனால் தகட்டைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் தெய்வத்துக்குத் தெரிந்தால் போதும். முத்திரையைப் பார்க்கும் பண்டசாலைக் காவலனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நயினாதீவில் எழுத்துக்குப் பஞ்சமிருந்ததாகவும் சொல்ல முடியாது. அங்குள்ள, மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் கலங்கள் உடைந்தால் யார் பங்கு எவ்வளவு என்று விதிக்கிறது: யானை, குதிரை ஏற்றிய கலமாயின் அரசுக்கு நான்கில் ஒன்று, வாணிபச் சரக்காயின் பாதி. உடைமையைக் காக்க அரசாணை, உயிரைக் காக்க நாகம் என்று வேலை பிரிந்திருந்தது.

கடல்வழித் தொடர்பைக் காட்டி நாக வழிபாட்டை எகிப்திலிருந்து கடன்வாங்கிய வழக்கமாக்குவாரும் உளர். எகிப்தின் செங்கடற்கரைக் குசேர் அல்-கதீமில் கிடைத்த தமிழ்ப் பிராமிப் பானையோடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் உள்ளன. அவை வணிகர் சென்றதற்குச் சான்று. வண்டு இங்கு வந்ததற்கோ நாகம் அங்கு போனதற்கோ சான்றாகா. நயினாதீவு நாகத்தை எகிப்திய வண்டின் கிளையாகக் கொள்ளும் கருத்து ஏற்கத்தக்கதன்று.